இரண்டு நாட்டில் இரண்டு ஊசி: அம்மாவின் பயணக் காகிதங்கள்

(இந்தக் கேள்வியும் பதிலும் 2022 ஜனவரியில் எழுதியவை. இதில் வரும் கொரோனாப் பயண விதிகள் எல்லாம் அப்போதையவை. அமெரிக்கா பரிசோதனை நிபந்தனையை 2022 ஜூனிலும் தடுப்பூசி நிபந்தனையை 2023 மேயிலும் நீக்கிவிட்டது.)

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணிக்கு மார்ச் கடைசியில் பிரசவம். மார்ச் 12-ம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தோம். நடுவில் ஐரோப்பாவில் விமானம் மாற வேண்டும். அம்மா முதல் தடுப்பூசியை (ஆஸ்ட்ராஜெனெகா) கடந்த ஜூனில் தன் நாட்டில் போட்டுக்கொண்டார். இரண்டாவதை (ஃபைசர்) செப்டம்பரில், வேறு நாட்டில் இருக்கும் என்னிடம் வந்து தங்கியிருந்தபோது போட்டுக்கொண்டார். இரண்டு சான்றிதழிலும் 'இரண்டில் முதல் டோஸ்' என்றே இருக்கிறது. முதல் சான்றிதழில் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அது விரிந்த பெயர். பாஸ்போர்ட்டையும் இடையில் புதுப்பித்தோம், எண் மாறிவிட்டது. இது போதாதென்று ஜனவரி 8 அன்று அம்மாவுக்குக் கொரோனா பாசிட்டிவ் வந்து, இப்போது நலமாக இருக்கிறார். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் பணம் கொடுத்தால் இரண்டு டோஸும் ஒரே சான்றிதழில் வருகிற மாதிரி 'முடித்துத் தருகிறேன்' என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவிடம் இருப்பவை இரண்டும் உண்மையான காகிதங்கள். அமெரிக்க விதிப்படி அந்த இரண்டும் சேர்ந்தாலே போதும். போதுமானது கையில் இருக்கும்போது போலி எதற்கு? இப்போதைய சான்றிதழ்களில் இருக்கும் க்யூஆர் குறியீட்டில் பெயர், தேதியோடு, வழங்கியவரின் மின்னணுக் கையொப்பமும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கிறது. உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும் செயலி செல்லாது என்று காட்டிவிடும். உள்ளே இருக்கும் ஆளைப் பிடித்துப் பதிவேட்டிலேயே ஏற்றிவிடுவேன் என்று அந்த ஏஜென்ட் சொல்லலாம். போடாத இடத்தில் போட்டதாக ஒரு பதிவு, அதே டோஸுக்கு இன்னொரு நாட்டில் இன்னொரு பதிவு என்று ஆகும். பொய் ஆவணம் காட்டி அமெரிக்காவுக்குள் நுழைய முயன்றதாகத் தெரிந்தால், அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டத்தில் அதற்கு வாழ்நாள் தடை வரை உண்டு. பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிற அம்மாவுக்கு அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். இப்படிப் பயணக் கேள்விகளுக்குப் பதில் எழுத வருமுன் நான் விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரில் நின்றவன். அதனால் எனக்கு இந்தக் கேள்வி எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான் தெரியும். உங்கள் அம்மாவை அமெரிக்காவில் இருக்கும் அதிகாரி நிறுத்துவாரோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். காகிதம் சரியில்லை என்றால் பிரச்சினை அவ்வளவு தூரம் போகவே போகாது. கிளம்புகிற இடத்திலேயே பெட்டியை எடை போடும் மேடையில் முடிந்துவிடும். தடுப்பூசிச் சான்றையும் பரிசோதனை முடிவையும் பார்த்து ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் பொறுப்பை அமெரிக்கா விமான நிறுவனத்தின் தலையில்தான் வைத்திருக்கிறது. உரிய காகிதம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் அபராதமும் திருப்பி அழைத்து வரும் செலவும் அவர்கள் கணக்கில் விழும். எனவே கவுன்டரில் இருப்பவருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தாலும் 'வேண்டாம்' என்று சொல்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

அவர் தன் நினைவில் இருந்து எதையும் சொல்வதில்லை. டைமாட்டிக் என்று ஒரு தரவுத்தளம் இருக்கிறது; ஐயாட்டா என்னும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நடத்துவது. பயணியின் குடியுரிமை, கிளம்பும் இடம், மாறும் இடம், சேரும் இடம் எல்லாவற்றையும் போட்டால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று வரிசையாகக் காட்டும். அந்தத் திரையில் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பதிலாக உங்கள் அம்மாவின் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். வரிசையில் பின்னால் இருபது பேர் பொறுமையிழந்து நிற்கும்போது, வேறு மொழியில் வேறு வடிவத்தில் இருக்கும் இரண்டு சான்றிதழை அவர் ஓரிரு நிமிடத்தில் புரிந்துகொள்ள வேண்டும். நாம் செய்யப்போகிற எல்லா ஏற்பாடும் அந்த ஓரிரு நிமிடத்துக்காகத்தான்.

முதலில் ஊசிக் கணக்கு. 2021 நவம்பர் 8 முதல், குடியேற்ற விசா இல்லாத வெளிநாட்டவர் விமானத்தில் அமெரிக்கா வர முழுத் தடுப்பூசி கட்டாயம். அவர்களுடைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புக்கொண்டதோ உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் இருப்பதோ எதுவானாலும் ஏற்பார்கள். ஆஸ்ட்ராஜெனெகாவும் ஃபைசரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு டோஸ் இரண்டு வகையாக இருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். பட்டியலில் உள்ள எந்த இரண்டையும், குறைந்தது 17 நாள் இடைவெளியில் போட்டிருந்து, கடைசி டோஸ் முடிந்து 14 நாள் ஆகியிருந்தால் முழுத் தடுப்பூசி என்றே கணக்கு. பூஸ்டர் கேட்பதில்லை. ஜூனுக்கும் செப்டம்பருக்கும் மூன்று மாத இடைவெளி இருக்கிறதே, தாராளம்.

ஆனால் இரண்டிலும் 'இரண்டில் முதல் டோஸ்' என்று இருக்கிறதே? ஒரு நாட்டின் பதிவேட்டுக்கு மற்ற நாட்டில் போட்டது தெரியாது, அவ்வளவுதான். வேலை நிமித்தமாகவும் பிள்ளைகளைப் பார்க்கவும் இடம் மாறியவர்கள் நிறையப் பேரிடம் இப்படி இரண்டு பாதிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் போட்ட டோஸைத் தங்கள் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளச் சில நாடுகள் வழி வைத்திருக்கின்றன. நீங்கள் இருக்கும் நாட்டிலோ அம்மாவின் நாட்டிலோ அது இருந்தால், விண்ணப்பித்து வையுங்கள். அதற்காகக் காத்திருந்து பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வந்தால் வசதி, வராவிட்டால் இரண்டையும் சேர்த்துக் காட்டலாம்.

இங்கே ஒரு வார்த்தை. பயணத்துக்கு ஊசிச் சான்றிதழ் கேட்பது இந்தத் தொற்றில் வந்த புதுமை இல்லை. மஞ்சள் காய்ச்சலுக்கு வெகுகாலமாகக் கேட்கிறார்கள். சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் வகுத்த அந்த மஞ்சள் நிறக் கையேடு உலகம் முழுக்க ஒரே வடிவம்தான். ஊசி போட்ட 10-ம் நாளில் இருந்து செல்லும், 2016 ஜூலை முதல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று ஒரே விதி. கொரோனாவுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே தாள் அமையவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1 முதல் தனக்கென ஒன்றை நடைமுறைப்படுத்தியது. மற்ற நாடுகள் பலவும் தமக்குத் தோன்றிய வடிவத்தில் ஒன்று அச்சிட்டன. அந்த ஒழுங்கின்மையைத்தான் பயணிகள் கவுன்டர் கவுன்டராகச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். நீங்கள் அனுப்பிய படங்களில் முதல் சான்றிதழில் தேதி 09/06/2021 என்று இருக்கிறது. இரண்டாவது அட்டையில் யாரோ நீல மையில் 06/09/2021 என்று எழுதியிருக்கிறார். நாளை முதலில் எழுதும் வழக்கப்படி இவை ஜூன் 9, செப்டம்பர் 6. மாதத்தை முதலில் படிக்கும் அமெரிக்கப் பழக்கம் உள்ளவருக்கு இது செப்டம்பர் 6, ஜூன் 9 என்று தலைகீழாகத் தெரியும். இரண்டாவது டோஸ் முதல் டோஸுக்கு முன்னால்! ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் படித்தாரானால் இரண்டும் ஒரே நாளில் போட்டதாக ஆகிவிடும். இடைவெளி 17 நாள் இருக்கிறதா என்று பார்க்கிறவர் அந்த இடத்தில் தயங்குவார்.

அதனால் ஒரே ஒரு பக்கத்தில் நீங்களே ஒரு சுருக்கம் தட்டச்சு செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, புது பாஸ்போர்ட் எண். கீழே முதல் டோஸ், தடுப்பூசியின் பெயர், 9 ஜூன் 2021, எந்த நாடு. அதே மாதிரி இரண்டாவது. மாதத்தை எண்ணில் எழுதாமல் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். இந்தத் தாளுக்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் கிடையாது, சான்று அதன் பின்னால் இருக்கும் இரண்டு சான்றிதழும்தான். கவுன்டரில் இருப்பவர் எதை எங்கே தேட வேண்டும் என்று காட்டுவதற்கு மட்டும் இது. என் அனுபவத்தில் இந்த ஒரு பக்கம் பேச்சு வார்த்தையையே பாதியாகக் குறைத்துவிடும். சான்றிதழ் ஆங்கிலத்தில் இல்லை என்றால் மொழிபெயர்ப்பு ஒன்றும் கூடவே இருக்கட்டும். அட்டையில் கை வைத்து நீங்களாக எதையும் திருத்தாதீர்கள். மையை அழுத்தி எழுதுவது, மாதத்தை வட்டமிடுவதுகூட வேண்டாம். கையால் திருத்திய அட்டையைக் கண்டால் யாருக்கும் சந்தேகம் வரும்.

பெயருக்கு வருவோம். இனிஷியல் போட்டு எழுதிய பெயரும் பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய பெயரும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும். வேறு நாட்டுக்காரருக்கு, 'எம். செல்வி' என்பவரும் 'செல்வி முத்தையா' என்பவரும் அக்கா தங்கையாகக்கூட இருக்கலாம். (பெயர்கள் உதாரணத்துக்கு.) முதல் சான்றிதழை வழங்கிய தளத்தில் திருத்தம் செய்யும் வசதி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். ஆனால் சில தளங்களில் ஒரு முறைதான் திருத்த விடுவார்கள். எனவே இன்றைக்குப் பெயர், நாளைக்குப் பாஸ்போர்ட் எண் என்று தனித்தனியாகப் போகாதீர்கள். புது பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர், பிறந்த தேதி, எண் மூன்றையும் ஒரே அமர்வில் சரி செய்யுங்கள். எழுத்துக் கூட்டல் பாஸ்போர்ட்டின் கீழே இரண்டு வரியாக அம்புக்குறிகளோடு இருக்கிறதே, அந்த வரியில் உள்ளபடி இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருப்பவர்களுக்கும் சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் கேட்கிறார்கள். அப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்களின் அமெரிக்க விசாவில் முதல் பெயர் என்ற இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகியிருக்கும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது, பிழை இல்லை. விமான நிறுவனங்களுக்குப் பழக்கமானதுதான், தடுப்பூசிச் சான்றிதழில் அதைச் சேர்க்கப் பாடுபட வேண்டாம்.

திருத்தவே முடியவில்லை என்றால்? கலங்க வேண்டியதில்லை. அமெரிக்கா கேட்பது பெயரும், அதோடு பாஸ்போர்ட்டோடு பொருந்துகிற இன்னொரு அடையாளமும். அது பிறந்த தேதியாக இருக்கலாம், பாஸ்போர்ட் எண்ணாகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்று போதும். உங்கள் அம்மாவின் இரண்டு சான்றிதழிலும் பிறந்த தேதி முழுசாக இருக்கிறது, பார்த்தேன். பாஸ்போர்ட் எண் மாறியது அதனாலேயே பெரிய தடை இல்லை. ரத்து முத்திரை குத்திய பழைய பாஸ்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போனால், சான்றிதழில் இருக்கும் பழைய எண் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கிவிடும். அமெரிக்க விசா பழைய பாஸ்போர்ட்டில்தான் ஒட்டியிருக்கிறது என்றால் எப்படியும் இரண்டையும் கொண்டுபோயே ஆக வேண்டும். டிக்கெட்டில் கொடுத்த பாஸ்போர்ட் எண் புதியதுதானா என்று மட்டும் ஒரு முறை சரிபாருங்கள், அங்கேதான் மறந்துவிடுவார்கள்.

பிறந்த தேதிக்கு இருக்கும் இந்த மதிப்பை அரசுகளே தாமதமாகத்தான் உணர்ந்தன. 2021 செப்டம்பரில் பிரிட்டன் கோவிஷீல்டை (இந்தியாவில் தயாராகும் ஆஸ்ட்ராஜெனெகா) ஏற்றுக்கொண்ட பிறகும் இந்தியச் சான்றிதழை ஏற்காமல் நின்றது. இந்தியாவின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் அப்போது தந்த சான்றிதழில் முழுப் பிறந்த தேதி இல்லை என்பது அந்த வாக்குவாதத்தில் ஒரு காரணம். பிறகு வெளிநாடு போகிறவர்களுக்காகக் கோவினில் பிறந்த தேதியைச் சேர்க்கும் வசதி வந்தது. அக்டோபர் 11 முதல் பிரிட்டன் ஏற்றது. இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது வயது மட்டும் உள்ள பழைய சான்றிதழ் இருந்தால், இன்றே புதிதாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது ஊசியும் இல்லை, பெயரும் இல்லை. நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு தனித்தனி டிக்கெட்.

தனி டிக்கெட் என்றால், முதல் விமான நிறுவனத்துக்கு உங்கள் அம்மா ஐரோப்பாவில் இறங்குகிற பயணி. அமெரிக்கா போகிறவர் என்று அவர்கள் கணக்கிலேயே இல்லை. பெட்டி அங்கேயே வெளியே வரும். அதை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய அவர் குடிவரவு வரிசையைத் தாண்டி அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். உடனே மூன்று கேள்வி முளைக்கிறது. அவர் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) வேண்டுமா, அது இருக்கிறதா? அந்த நாடு உள்ளே வருகிறவரிடம் கேட்கும் கொரோனா நிபந்தனைகள் என்ன? இரண்டு வேறு நாட்டில் இரண்டு வேறு ஊசி போட்டவரை அந்த நாடு முழுத் தடுப்பூசி போட்டவராகக் கருதுமா? அமெரிக்க விதி இவ்வளவு தாராளமாக இருப்பதால் ஐரோப்பாவும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே ஒவ்வொரு நாடும் இதில் தனக்கென்று முடிவெடுக்கிறது.

நான்காவது கேள்வி பரிசோதனை பற்றியது. அமெரிக்காவுக்குப் புறப்படும் நாளுக்கு ஒரு நாளுக்குள் எடுத்த கொரோனா பரிசோதனை வேண்டும். பயணம் முழுவதும் ஒரே பதிவில், ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருந்து, இடையில் காத்திருப்பு ஒவ்வொன்றும் 24 மணி நேரத்தைத் தாண்டாமல் இருந்தால், முதல் விமானம் கிளம்பும் நேரத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். தனித்தனி டிக்கெட் என்றால் அமெரிக்காவில் இறங்கும் அந்தக் கடைசி விமானத்தை வைத்துத்தான் கணக்கு. 67 வயது அம்மா முன்பின் தெரியாத விமான நிலையத்தில், பெட்டியைத் தள்ளிக்கொண்டு பரிசோதனை மையம் தேடும் நிலைமை வரலாம்.

ஆகவே என் வெளிப்படையான கருத்து: அந்த டிக்கெட்டுகளை மாற்றுங்கள். ரத்துக் கட்டணம் போகட்டும், புது டிக்கெட் விலை கூடுதலாகத்தான் இருக்கட்டும். ஒரே பிஎன்ஆர், பெட்டி கடைசி இடம் வரை போகிற மாதிரி, முடிந்தால் மாறுகிற இடமே இல்லாமல். மாறித்தான் ஆக வேண்டும் என்றால் குடிவரவைத் தாண்டாமல் உள்ளேயே மாறக்கூடிய விமான நிலையமாகப் பாருங்கள். அப்படி மாறவும் அந்த நாடு ஏதாவது காகிதம் கேட்கிறதா என்று விமான நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்யுங்கள். காகிதம் எல்லாம் கச்சிதமாக இருக்கிற என்னைப் போன்றவனே இந்தக் காலத்தில் தனித்தனி டிக்கெட் எடுக்க மாட்டேன்.

இனி பரிசோதனை. ஒமிக்ரான் வகைக் கொரோனா வரும் வரை தடுப்பூசி போட்டவர்களுக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது. 2021 டிசம்பர் 2 அன்று அறிவித்து டிசம்பர் 6 முதல் ஒரு நாளாகக் குறைத்துவிட்டார்கள். நான்கே நாள் அவகாசத்தில் விதி மாறிய கதை இது, மறுபடியும் மாறலாம். ஒரு நாள் என்பதை 24 மணி நேரம் என்று நினைத்துப் பலர் அரக்கப்பரக்க ஓடுகிறார்கள். அது நாள்கணக்கு. 12-ம் தேதி எந்த நேரத்தில் விமானம் என்றாலும் 11-ம் தேதி அதிகாலை 12 மணி முதல் எந்நேரமும் எடுக்கலாம். முடிவு வந்த நேரத்தைப் பார்ப்பதில்லை, மாதிரி எடுத்த தேதிதான் கணக்கு. அது அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும். விரைவில் முடிவு தெரியும் ஆன்டிஜென் பரிசோதனையே போதும், ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் கட்டாயம் இல்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனையை மட்டும் ஏற்க மாட்டார்கள்.

உங்கள் அம்மாவுக்கு ஆன்டிஜென்தான் நல்லது என்று நான் சொல்லக் காரணம் உண்டு. குணமான பிறகும் வாரக்கணக்கில், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட பிசிஆர் பாசிட்டிவ் காட்டும். நோய் போய்விட்டாலும் வைரஸின் மிச்சம் பிடிபடுகிறது. இதற்காகவே அமெரிக்கா ஒரு வழி வைத்திருக்கிறது. புறப்படுவதற்கு முன் 90 நாளுக்குள் எடுத்த பாசிட்டிவ் அறிக்கையும், பயணம் செய்யத் தகுந்தவர் என்று மருத்துவர் தந்த கடிதமும் இருந்தால், நெகட்டிவ் முடிவுக்குப் பதிலாக அதைக் காட்டலாம். ஜனவரி 8-ல் இருந்து 90 நாள் என்றால் ஏப்ரல் 8 வரை. மார்ச் 12 அதற்குள் வசதியாக அடங்குகிறது. ஒன்றை மறக்க வேண்டாம்: இது பரிசோதனைக்குத்தான் மாற்று, தடுப்பூசிக்கு மாற்று இல்லை.

அந்த ஜனவரி 8 அறிக்கை ஆய்வகம் தந்ததுதானே? வீட்டில் கிட் வைத்துப் பார்த்த இரண்டு கோட்டை மட்டும் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை. ஆய்வக அறிக்கை என்றால், அதில் அம்மாவின் பெயர், பிறந்த தேதி, பரிசோதனை வகை, மாதிரி எடுத்த தேதி எல்லாம் இருக்கிறதா பாருங்கள். மருத்துவரின் கடிதத்தில்தான் வழக்கமாகக் கோட்டை விடுகிறார்கள். மருந்துச் சீட்டில் 'பயணத்துக்குத் தகுதி' என்று இரண்டு வார்த்தை கிறுக்கி, கையெழுத்தும் படிக்க முடியாமல் வருகிறது. அது செல்லாது. மருத்துவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் அச்சிட்ட லெட்டர்ஹெட்டில், நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எந்தத் தேதியில் பாசிட்டிவ் வந்தது, இப்போது குணமடைந்து பயணம் செய்யலாம் என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். மருத்துவர் வேலை மும்முரத்தில் இருப்பார். நீங்களே வாசகத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். படித்துப் பார்த்து, சரி என்றால் தன் லெட்டர்ஹெட்டில் எடுத்துக் கொடுப்பார்.

கடிதம் கையில் இருந்தாலும் 11-ம் தேதி ஒரு ஆன்டிஜென் எடுத்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். ஒற்றைத் தாளில் நெகட்டிவ் என்று இருந்தால் கவுன்டரில் ஒரு பார்வையில் முடிந்துவிடும். குணமடைந்த சான்று என்றால் மேலதிகாரியைக் கூப்பிட்டு இரண்டு தாளையும் படித்துப் பார்ப்பார்கள். ஒருவேளை ஆன்டிஜென் பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்? இரண்டு மாதம் கழித்து அது பழைய மிச்சமாக இருக்கும் என்று நாமாகச் சமாதானம் செய்துகொண்டு, அந்தத் தாளை மறைத்து மற்றதைக் காட்டக் கூடாது. மருத்துவரிடம் பேசுங்கள், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பிறந்த குழந்தை இருக்கப்போகிற வீடு அது.

சொன்ன விவரம் உண்மை என்று உறுதிமொழி தரும் படிவம் ஒன்று உண்டு. விமான நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும், அம்மா கையெழுத்திட வேண்டும். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து இரண்டு செட் வையுங்கள், ஒன்று கைப்பையில், இன்னொன்று பெட்டியில் வேண்டாம், அம்மாவின் கூடைப்பையிலோ கோட்டிலோ. போனில் இருக்கிறதே என்று விடாதீர்கள். கவுன்டருக்கு வந்ததும் போன் லாக் ஆகிவிடும், பாஸ்வேர்டு அம்மாவுக்குத் தெரியாது, மகளுக்குப் போன் போடலாம் என்றால் அந்தப் போன்தான் லாக் ஆகியிருக்கிறது. இதை நான் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். பிரிண்ட் எடுக்கும்போது க்யூஆர் குறியீடு மங்காமல், மடிப்பு அதன் மேல் விழாமல் இருக்கட்டும். லேமினேஷன் செய்தால் விளக்கு வெளிச்சம் பட்டு மின்னி ஸ்கேன் ஆகாமல் போகலாம், சாதாரணப் பிளாஸ்டிக் கோப்பு போதும். வரிசை இப்படி இருக்கட்டும்: பாஸ்போர்ட், டிக்கெட், நீங்கள் தட்டச்சு செய்த சுருக்கம், இரண்டு சான்றிதழ், பரிசோதனை முடிவு, உறுதிமொழி. குணமடைந்த சான்று கடைசியில், கேட்டால் மட்டும் எடுக்கிற மாதிரி. இந்தப் படங்களை உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அந்தக் க்யூஆரைத் தன் போனில் படிக்கிற எவருக்கும் பெயரும் பிறந்த தேதியும் தெரிந்துவிடலாம்.

பல நிறுவனங்கள் இப்போது காகிதங்களை முன்கூட்டியே இணையத்தில் ஏற்றிச் சரிபார்த்துத் தருகின்றன. உங்கள் நிறுவனத்தில் அது இருந்தால் கட்டாயம் செய்யுங்கள். கவுன்டரில் 'ஆவணம் சரி' என்று திரையில் முன்பே காட்டினால் பாதி வேலை முடிந்தது. அன்றைக்கு நான்கு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். இரண்டு வகை ஊசியைப் பார்த்து ஊழியர் தலையாட்டினால், சத்தம் போட வேண்டாம். உங்கள் திரையில் எந்த வரி பொருந்தவில்லை, காட்ட முடியுமா என்று அமைதியாகக் கேளுங்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் பக்கத்தில் கலப்புத் தடுப்பூசி பற்றிய பகுதியை பிரிண்ட் எடுத்து வைத்திருங்கள், தேவையானால் நீட்டலாம். அப்படியும் முடியவில்லை என்றால் பணிமேற்பார்வையாளரைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் 'வேண்டாம்' என்று சொல்லப் பழகியவர்களிடம் கோபம் காட்டினால் சந்தேகம்தான் கூடும்.

திரும்பி வரும் பயணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இப்போதே யோசிக்க வேண்டியது அது. அம்மா ஆகஸ்டில் திரும்புவார் என்று வைத்துக்கொள்வோம். வருகிற 2022 பிப்ரவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணம் செய்வோரின் முதற்கட்டத் தடுப்பூசிச் சான்று கடைசி டோஸில் இருந்து 270 நாளுக்குத்தான் செல்லும். செப்டம்பர் 6-ல் இருந்து எண்ணினால் அது ஜூன் 3-ல் தீர்ந்துவிடுகிறது. ஒன்றியத்துக்குள் போகிறவர்களுக்கான விதிதான், ஆனால் மற்ற நாடுகளும் இந்தப் பாதையில் போகக்கூடும் என்று நினைக்கிறேன். குணமாகி எவ்வளவு நாள் கழித்துப் பூஸ்டர் போடலாம் என்று அம்மாவின் மருத்துவரிடம் கேட்டு, கிளம்புமுன் முடியுமா பாருங்கள். பூஸ்டருக்குப் புதுச் சான்றிதழ் வந்த பிறகும் பழைய இரண்டையும் தூக்கிப் போட வேண்டாம். அதே மாதிரி அம்மாவின் நாட்டில் திரும்பி நுழைய என்ன கேட்கிறார்கள் என்பதை ஜூலையில் புதிதாகப் பார்க்க வேண்டும். இன்றைக்குப் பார்த்து வைப்பதில் பயனில்லை.

முதல் வேலையாக இந்த வாரமே டிக்கெட்டை மாற்றுங்கள், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அடுத்து பெயர்த் திருத்தம், அது நாள் பிடிக்கும். மருத்துவரின் கடிதத்தை மார்ச் முதல் வாரத்தில் வாங்கினால் போதும். அந்த வாரம் விமான நிறுவனத்தின் தளத்தையும் சிடிசி பக்கத்தையும் மறுபடி திறந்து பாருங்கள். நான் மேலே சொன்னதில் ஏதாவது மாறியிருந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டு அங்கே இருப்பதையே பின்பற்றுங்கள்.